பத்துக்கு எத்தனை வலி?

சிசேரியன் முடிந்து ஆறு மணி நேரம் ஆன ஒரு பெண்ணிடம் “வலி இருக்காம்மா?” என்று கேட்டேன். தர்மபுரிப் பக்கத்துப் பெண், முதல் பிரசவம். “இல்ல சிஸ்டர், வலியே வரல. அதனாலதான் ஆபரேஷன் பண்ணிட்டாங்க” என்றாள். படிவத்தில் பூஜ்ஜியம் போடப் பேனாவை வைத்துவிட்டேன். அதற்குள் தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. பால் கொடுக்க வசதியாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். பாதி திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“வலி இல்ல சிஸ்டர். தையல் போட்ட எடம் சுருக்கு சுருக்குனு எரியுது. குழந்தை வாய் வச்சா உள்ள இழுத்துப் புடிக்குது.”

பிரசவ வார்டில் வலி என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கள் வீட்டிலேயே “அவளுக்கு வலி வந்துடுச்சா?” என்று கேட்டால் வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள். நான் கேட்டதற்கு அவள் சரியான பதிலைத்தான் சொன்னாள். என் கேள்விதான் தப்பு. திருத்திக் கேட்டபோது, அசையாமல் படுத்திருந்தால் 3, திரும்பினால் 7 என்றாள். ஒரு நிமிஷம் முன்னால் அந்தக் கட்டத்தில் 0 விழுந்திருக்கும்.

பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மயக்கவியல் துறை நடத்திய ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராக ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பிறந்து வளர்ந்தது அல்சூர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். அந்த மருத்துவமனைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயல், சிவாஜிநகர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழ் பேசுகிறவர்கள் வருவார்கள். அவர்களிடம் பேச ஆள் வேண்டும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

ஆய்வு என்றதும் ஏதோ பெரிய கம்பெனியின் புது மருந்து என்று நினைக்க வேண்டாம். மயக்கவியலில் எம்.டி. படிக்கும் ஒவ்வொரு டாக்டரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பெரும்பாலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மருந்துகளையும் முறைகளையும்தான் ஒப்பிடுவார்கள். சிசேரியன் முடிந்ததும் வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது ஒரு முறை. ‘டாப் பிளாக்’ என்பார்கள். அதைப் போட்டவர்கள் முப்பது பேர், போடாமல் வழக்கமான மருந்து மட்டும் வாங்கியவர்கள் முப்பது பேர். யாருக்கு முதலில் கூடுதல் வலி மருந்து தேவைப்பட்டது, எத்தனை மணி நேரம் கழித்து என்று பார்ப்போம். 2, 4, 6, 12, 24 மணி நேரத்தில் நான் போய்க் கேட்பேன்: பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை? எண் 4 ஆகிவிட்டால் கூடுதல் மருந்து உடனே உண்டு. எந்தக் குழுவாக இருந்தாலும் உண்டு.

யார் எந்தக் குழு என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்துவிட்டால் கேட்கிற தொனியே மாறிவிடும். பிளாக் போட்டவரிடம் “இப்ப பரவால்லதானே?” என்று கேட்டுவிடுவோம்.

அந்தத் தர்மபுரிப் பெண் சொன்ன இரண்டு சொற்களை எங்கள் மேடத்திடம், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியையிடம், அப்படியே சொன்னேன். “எரியுது, இழுக்குது, ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கோ” என்றார். காரணம் இருக்கிறது. டாப் பிளாக் தோல், தசை, தையல் வலியைத்தான் மரக்க வைக்கும். கர்ப்பப்பை சுருங்குவதால் உள்ளே வரும் வலியை அது தொடாது. குழந்தை பால் குடிக்கும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பை இன்னும் சுருங்கும், உள்ளே இழுத்துப் பிடிக்கும். அதற்கு வேறு மருந்து வேண்டும். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதை அவள் தன் வீட்டுத் தமிழிலேயே பிரித்துச் சொல்லிவிட்டாள். நம்மிடம் ‘வலி’ என்ற ஒரு சொல்லா இருக்கிறது? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது, சுளீரென்று இழுப்பது. முழங்கால் மாற்று அறுவை முடிந்த பாட்டிகள் “வலி இல்லம்மா, கடுப்புதான்” என்பார்கள். கேட்கிறவர் தமிழ் தெரியாதவராக இருந்து, ‘இல்ல’ மட்டும் காதில் விழுந்தால், அவ்வளவுதான்.

வட மாவட்டத்துக்காரர்களுக்கும் தங்கவயல்காரர்களுக்கும் ‘நோவு’ என்றால் உடனே புரியும். கன்னடத்திலும் அதே சொல்தான் என்பதால் கன்னட நர்ஸ்களுக்கும் அது எளிது. தமிழ்ப் படிவத்தில் ‘வலி / நோவு / எரிச்சல் / கடுப்பு எதுவானாலும்’ என்று சேர்க்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். மேடம் ஒப்புக்கொண்டார். ஆனால் நானாக வார்த்தையை மாற்றிக் கேட்டுவிட முடியாது. அறுபது பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். தமிழில் எழுதியதை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்கினார். பொருள் மாறவில்லை என்று சரிபார்த்து, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, அப்புறம்தான் புதுப் படிவம் கைக்கு வந்தது.

இன்னொரு குழப்பம் மார்க். பத்துக்கு எத்தனை என்றதும் சிலர் முகம் மலர்ந்து “பத்துக்குப் பத்து சிஸ்டர், ரொம்ப நல்லா இருக்கேன்” என்பார்கள். அதனால் அறுவைக்கு முந்தைய நாளே, வலி எதுவும் இல்லாத நேரத்தில், அந்த அளவைச் சொல்லிக் காட்டிவிட வேண்டும். வலியோடு படுத்திருப்பவருக்குக் கணக்குப் பாடம் எடுக்க முடியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை என்றால், ஆய்வில் சேர்கிறார்களோ இல்லையோ, முந்தின நாளே வீட்டில் இதைப் பழக்கிவிடுங்கள். பூஜ்ஜியம் என்றால் துளியும் வலி இல்லை, பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. படுத்திருக்கும்போது ஓர் எண், இருமினால், திரும்பினால், எழுந்து நடந்தால் இன்னோர் எண். இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது பெரும்பாலும் எண் குறைவாகத்தான் இருக்கும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வில் சேரச் சம்மதம் கேட்கப் போகும்போது பெரும்பாலும் நோயாளி வாய் திறப்பதற்கு முன் மகனோ மருமகனோ “போடும்மா, டாக்டர் நல்லதுதான் சொல்லுவாங்க” என்று பேனாவை நீட்டுவார்கள். அப்போதெல்லாம் படிவத்தை மடித்து வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுவேன். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க, முழுவதையும் வாசித்துக் காட்டி, அப்புறம்தான் கைநாட்டு. இது ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன். ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் 1966-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி மேடம் ஒரு நாள் சொன்னார். நோயாளிக்குச் சொல்லாமலும் அவருடைய ஆபத்தை எண்ணாமலும் செய்த ஆய்வுகளில் 22 உதாரணங்களை அவர் அதில் எடுத்து வைத்திருந்தார். எல்லாமே மதிப்பான இடங்களில் நடந்தவை. அதைக் கேட்ட பிறகு அந்தப் படிவத்தை நான் வேகமாக வாசித்ததே இல்லை.

“எனக்கு அந்த ஊசிதான் வேணும்னு நான் கேக்கக் கூடாதா?” என்று பலர் கேட்பார்கள். கூடாது, அதைத் தீர்மானிப்பது குலுக்கல். உறைக்குள் என்ன சீட்டு இருக்கிறது என்று டாக்டருக்கே தியேட்டரில் பிரிக்கும்போதுதான் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத தடித்த உறை, வரிசை எண் போட்டது. அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்குத் தவறாமல் போய்வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு இதை விளக்கினேன். “குடவோலை” என்றார் உடனே. உத்திரமேரூரில் குடத்துக்குள் ஓலையைப் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்களே, அதே நியாயம். யாருக்கு எது என்பதில் யார் கையும் இருக்கக் கூடாது. அதற்கப்புறம் நானும் பலரிடம் குடவோலை என்றோ, கோயில் திருவுளச்சீட்டு என்றோதான் சொன்னேன். ஒருவர்கூட இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டதில்லை.

உங்களிடம் யாராவது ஆய்வில் சேரச் சொன்னால் சங்கடப்படாமல் கேளுங்கள். படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? சேர்ந்தால் கூடுதலாக என்ன செய்வீர்கள், அதற்கு நான் காசு கட்ட வேண்டுமா? வலி தாங்கவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், என்ன மருந்து தருவீர்கள்? ஆய்வினால் ஏதாவது ஆகிவிட்டால் வைத்தியச் செலவு யாருடையது? சிடிஆர்ஐ பதிவு எண்ணையும் கேட்கலாம். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு அது. 2007-இல் தொடங்கியது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அங்கே பதிந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இந்தக் கேள்விகளைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். கோபித்துக்கொண்டால் அந்த ஆய்வில் சேர வேண்டாம்.

நடுவில் விலகவும் செய்யலாம். லிங்கராஜபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் பாதியிலேயே “இனிமே என்னை எதுவும் கேக்காதீங்க” என்றாள். சரிம்மா என்று படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்கான மருந்து நேரத்துக்கு நேரம் போய்க்கொண்டுதான் இருந்தது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

எல்லோரும் கேட்கிற இன்னொன்று: “முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகுவலி வருமாமே?” போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்கான முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கர்ப்பத்தில் இழுபட்ட முதுகு, குழந்தையைக் குனிந்து குனிந்து தூக்குவது எல்லாம்தான் பெரும்பாலும் காரணம். ஆனால் எழுந்து உட்கார்ந்தால் தலை பிளப்பதும் படுத்தால் குறைவதுமாக இருந்தால், அது முதுகு ஊசியால் வரும் தலைவலியாக இருக்கலாம். அதை மட்டும் பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது என் தவறு.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம். இரவு இரண்டு மணி. பன்னிரண்டாவது மணி நேர எண்ணைக் கேட்க வேண்டும். அந்த அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். ராத்திரி முழுக்க அழுத குழந்தை அப்போதுதான் அடங்கியிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. தூங்குகிறவருக்கு என்ன வலி என்று 0 எழுதிவிட்டு வந்துவிட்டேன். காலையில் அவரே சொன்னார்: “நீங்க வந்தது தெரியும் சிஸ்டர். கண்ணத் தொறந்தா கொழந்தைக்குத் தெரிஞ்சிடும், அசைஞ்சா வயிறு பிச்சுக்கும், அப்படியே கெடந்தேன்.” என் காலடியில் தரை நழுவியது போல் இருந்தது. மருந்து கேட்டால் கிடைத்திருக்கும் நேரத்தில், நான் எழுதிய பூஜ்ஜியம் அவருக்கு எந்த மருந்தும் தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. “தூங்கினா ‘தூக்கம்’னு எழுதணும். பூஜ்ஜியம் அவங்க வாயால வரணும்” என்றார். அந்த 0 மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் காரணம், என் கையெழுத்து, தேதி, நேரம். வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது, பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம். ஆய்வேட்டில் அந்தக் கட்டம் காலியாகவே போனது. அப்போதுதான் மேடம் ஸ்காட் ரூபன் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் வலி நிவாரண ஆய்வில் பெரிய பெயர் எடுத்த மயக்க மருத்துவர். அவருடைய 21 ஆய்வுக் கட்டுரைகளில் தரவே புனைவு என்று 2009-இல் வெளியே வந்தது. இல்லாத நோயாளிகளுக்கு எண் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரைகளை நம்பி மற்ற டாக்டர்கள் உண்மையான நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்தது அந்த அளவு இல்லை என்று என்னைத் தேற்றிக்கொள்ள அன்று முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

அந்த ராத்திரி நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். முதுகு ஊசியின் மரப்பு பொதுவாக இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். ஒரே தடவை போடும் நரம்பு பிளாக் என்றால் பல மணி நேரம் இருக்கும். காலையில் போட்டது இரவில் விடும். சாயங்காலம் “ஒண்ணுமே தெரியல” என்று சிரித்துக்கொண்டிருந்தவர் நடு இரவில் துடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மரப்பு குறைந்து லேசாகக் குறுகுறுக்கத் தொடங்கும்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்துச் சீட்டில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால், வலி இல்லையே என்று அந்த வேளையைத் தள்ளிப்போட வேண்டாம். கூட இருக்கும் உறவினர்கள் நோயாளிக்குப் பதிலாகப் பேச வேண்டாம். “பிரசவம்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் சிஸ்டர்” என்று மாமியார் சொல்லிவிட்டால், மருமகள் தன் எண்ணை இரண்டு குறைத்துத்தான் சொல்லுவாள்.

கடைசியாக ஒரு பெரியவர். மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் வந்தவர், தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடும்வரை உள்ளே வேலை செய்தவர். பித்தப்பை அறுவை, வயிற்றைத் திறந்து செய்தது. விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத் தையல். ஆறாவது மணி நேரத்தில் “ரெண்டும்மா” என்றார். “இருமிப் பாருங்க ஐயா” என்றேன். இருமல் பாதியில் நின்றது. மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டு, வலது கையால் போர்வையைக் கசக்கினார். கண்ணோரம் நீர். “இப்ப எத்தனை?” “ரெண்டுதாம்மா.”

அவர் வாயால் வந்த எண்ணை நான் மாற்ற முடியாது, 2 என்றே எழுதினேன். ஆனால் ஆய்வு வேறு, வைத்தியம் வேறு. வார்டு டாக்டரிடம் போய், இரும முடியவில்லை, மூச்சை மேலோட்டமாகத்தான் விடுகிறார் என்று சொன்னேன். இருமிச் சளியைத் துப்பாவிட்டால் நுரையீரலில் தேங்கி நிமோனியா வரை போகும். டாக்டர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார். அதையும் நேரத்தோடு படிவத்தில் குறித்தேன்.

பன்னிரண்டாவது மணி நேரத்தில் போனபோது பேச்சுக் கொடுத்தேன். பத்து என்றால் உங்களுக்கு என்ன ஐயா? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைச் சொன்னார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை தானாக வெடிக்கும். ‘ராக்பர்ஸ்ட்’ என்றார். ஒரு தடவை கூட வேலை செய்தவர் கால் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்கும்வரை அவர் போட்ட சத்தம்தான் பத்து. “அதுக்கு முன்னால இது என்னம்மா?”

பீச்சர் 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் பார்த்ததும் இப்படித்தான். பலத்த காயம்பட்டு வந்த வீரர்களில் கால்வாசிப் பேர்தான் வலி மருந்து வேண்டும் என்று கேட்டார்களாம். காயத்தின் அளவு வலியின் அளவு இல்லை, அந்தக் காயம் அந்த மனிதனுக்கு என்ன அர்த்தம் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது என்று எழுதினார். பெரியவருடைய இரண்டுக்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. பாதிதான் சரி.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “இருமினா ஏழு இருக்கும்மா. ஏழுன்னு சொன்னா, அந்தச் சின்ன டாக்டரம்மா ஊசிய சரியாப் போடலன்னு ஆயிடும் இல்ல? பரீட்சைன்னு சொன்னாங்களே. நல்ல பொண்ணு. தியேட்டர் வாசல்ல என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுது.”

எத்தனை பேர் எனக்கு இப்படிக் கருணையோடு எண் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஐயா, உங்க எண் அந்த டாக்டருக்கு மார்க் இல்லை. ஏழுன்னு வந்தாலும் அவங்க பாஸ்தான். ஊசி வேலை செய்யலைன்னா செய்யலைன்னு எழுதணும், அதுக்குத்தான் இந்த ஆய்வே. உங்களுக்கு அடுத்து வர்ற தங்கவயல்காரருக்கு எது நல்லதுன்னு நீங்க சொன்னாத்தான் தெரியும். அவர் தலையாட்டினார். ஆறாவது மணி நேர 2 அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, அவர் சொன்ன காரணத்தைக் குறிப்புப் பகுதியில் எழுதி மேடத்திடம் காட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும், சம்மதப் படிவத்தோடு ஒரு வரி சேர்ந்தது. நீங்கள் சொல்லும் எண்ணால் எந்த டாக்டருக்கும் நர்ஸுக்கும் கெடுதல் வராது. அதற்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கினோம்.

மறுநாள் காலை, இருபத்து நான்காவது மணி நேரம். பெரிய துண்டை நான்காக மடித்துத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்திருந்தேன். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, நன்றாக இழுத்து ஒரு தடவை இருமினார். சளி வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நாலு” என்றார். “நெசமா நாலும்மா. மருந்து குடு.”